பனித்தரையில் இறங்கிய மண்டபம்: டெம்ப்ஸ்டர் சாலை ஊழியப் பயணத்தின் வேலைக்குறிப்புகள்

கதவு மூடவில்லை என்பதே அந்த ஊரிலிருந்து எங்களுக்கு வந்த முதல் செய்தி. டொரோன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் குழு, கனடாவின் வடமேற்குக் கோடியில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையை ஒட்டி, க்விச்சின் என்ற முதற்குடி மக்கள் வாழும் ஓர் ஊரில் ஐந்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த விரும்பி, மார்ச் மாதத்தில் அனுமதி கேட்டு எழுதியிருந்தது. பாடத்திட்டம், பாட்டுகள், பொம்மலாட்டம், கைவேலை என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பியிருந்தோம். இரண்டு வாரம் கழித்து அவ்வூர்ச் சபையின் மூத்த பெண்மணி ஒருவர் தொலைபேசியில் பேசினார். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சபை மண்டபத்தின் தென்மேற்கு மூலை இறங்கிவிட்டது, கதவு நிலையில் பொருந்தவில்லை, குளிர்காலத்தில் உள்ளே கூட முடியவில்லை, உங்களில் யாருக்காவது தச்சுவேலை தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியும், பழைய வீடுகளைச் செப்பனிடுவதுதான் என் தொழில். ஆனால் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணின் மேல் நிற்கும் கட்டடம் எதையும் அதுவரை நான் தொட்டதில்லை. இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுவே காரணம். வடக்கே ஊழியப் பயணம் போக நினைக்கும் வாலிபர் குழுக்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றாவது ஒரு கட்டடத்தின் அடியில் ஊர்ந்து செல்லுமானால், நாங்கள் கற்றுக்கொண்டது அதற்குப் பயன்பட வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

அந்த அம்மா பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இருந்ததன் பொருளை முதலில் எங்கள் குழுவுக்கு விளக்க வேண்டியிருந்தது. கனடாவில் அரசும் திருச்சபைகளும் சேர்ந்து நடத்திய உறைவிடப் பள்ளிகள், முதற்குடி மக்களின் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, அவர்களுடைய மொழியைப் பேசவிடாமல் தலைமுறை தலைமுறையாக வளர்த்தன. இந்தச் சாலை முடியும் இனுவிக் நகரத்திலேயே, கத்தோலிக்கரின் க்ரோலியர் ஹால், ஆங்கிலிக்கரின் ஸ்ட்ரிங்கர் ஹால் என்ற இரண்டு விடுதிகள் 1959இல் திறக்கப்பட்டன. ஆங்கிலிக்கத் திருச்சபையின் தலைமைப் பேராயர் மைக்கேல் பியர்ஸ் 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இதற்காக மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2011இல் இனுவிக்கில் கூடி, அங்கே படித்தவர்களின் சாட்சியங்களைக் கேட்டது. எங்களை அழைத்த அம்மாவின் தலைமுறை இதை ஏட்டில் படித்து அறிந்த தலைமுறை அல்ல. அப்படிப்பட்ட ஊருக்கு, வெளியிலிருந்து பன்னிரண்டு பேர் சட்டையில் சிலுவை அச்சடித்துக்கொண்டு வந்து, உங்கள் பிள்ளைகளை எங்களிடம் விடுங்கள் என்று கேட்பது சிறிய காரியம் அல்ல. ஆகவே, குடும்பத்தார் ஒருவராவது உடன் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் கூட்டிவைப்பதில்லை என்றும், ஊரார் கேட்டாலொழிய எந்த நிகழ்ச்சியும் நடத்துவதில்லை என்றும் முடிவு செய்து, பொம்மலாட்டப் பெட்டியைக் கட்டிய நிலையிலேயே எடுத்துச் சென்றோம். அதிக நேரத்தைக் கட்டடத்தைத் தூக்கும் ஜாக்கிகள் பற்றிப் படிப்பதில் செலவிட்டோம்.

ஜூலை முதல் வாரத்தில் வைட்ஹார்ஸ் நகரத்துக்கு விமானத்தில் போய் இறங்கினோம். அங்குள்ள சபைக் குடும்பங்கள் இரண்டு வேன்களை இரவலாகத் தந்தன. வேலைக்கான பொருள்களை அங்கேயே வாங்கி ஏற்றினோம்: 20 டன் பாட்டில் ஜாக்கி நான்கு, ஆறுக்கு ஆறு அங்குல மருந்தேற்றிய மரக்கட்டைகள், கடின மரத்தில் அறுத்த ஆப்புகள், கனத்த பிளைவுட் துண்டுகள், கூரைத் தண்ணீரை ஏந்தி வடிக்கும் 32 அடித் தாரை, 60 அடி நீளமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய். இந்தக் குழாய்தான் எங்கள் முக்கியக் கருவி. பாளையங்கோட்டையில் கொத்தனாராக இருந்த என் தகப்பனார், அஸ்திவாரம் எடுக்கும்போது, குழாயின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்பதை வைத்துப் பார்க்கும் டியூப் மட்டத்தைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டார். ரசமட்டம் நான்கு அடிக்கு உண்மை சொல்லும், தண்ணீர் நாற்பது அடிக்கும் உண்மை சொல்லும் என்பார். லேசர் மட்டம் ஒன்று எங்களிடம் இருந்தது. ஆனால் தரைக்கும் உத்தரத்துக்கும் இடையே முழங்காலளவே இடைவெளி உள்ள இடத்தில், கட்டைகளைச் சுற்றி வளைந்து போகக்கூடியது குழாய் மட்டுமே.

டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை டாசன் சிட்டிக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் பிரிந்து, 736 கி.மீ. வடக்கே ஓடி இனுவிக்கில் முடிகிறது, 1979இல் திறக்கப்பட்டது. வழி முழுவதும் ஏறக்குறைய சரளைதான். சாலையின் கீழே உள்ள உறைமண் உருகாமல் இருப்பதற்காக, தரையை வெட்டாமல் அதன் மேலேயே கனமாகச் சரளையைக் கொட்டி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சாலையின் விளிம்பில் நின்று அந்த மேட்டைப் பார்த்தபோது எனக்கு அது வெறும் பொறியியல் தகவலாகத்தான் பட்டது. மூன்று நாள் கழித்து மண்டபத்தின் அடியில் படுத்திருந்தபோதுதான் அதன் முழுப்பொருளும் விளங்கியது.

இந்தச் சாலையில் கிடக்கும் களிப்பாறைச் சில்லுகள் கத்தி போன்றவை. பத்து அடுக்கு டயர்கள் போட்டு, வேன் ஒன்றுக்கு முழு அளவு ஸ்டெப்னி இரண்டு வீதம் எடுத்துச் சென்றோம். இரண்டில் ஒன்றைக் குறைத்தாலும் தவறு. முதல் பஞ்சர் ஓகில்வி ஆற்றைக் கடந்து மலைமுகடு ஏறும்போது வந்தது. டயரின் நடுப்பகுதியில் குத்தியிருந்ததால், சக்கரத்தைக் கழற்றாமலே சரிசெய்ய முடிந்தது. சில்லு நுழைந்த கோணத்திலேயே குறடால் அதை வெளியே இழுக்க வேண்டும்; அதே கோணத்தில் துளையை அரம் போன்ற ஊசியால் பலமுறை துழாவிச் சுத்தம் செய்ய வேண்டும்; பசை தடவிய ரப்பர்த் திரியை அதில் பாதி வரை அழுத்தி, ஊசியைச் சட்டென்று உருவ வேண்டும். திரியின் இரு முனைகளும் வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருக்கும்படி நறுக்கி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். குழுவின் கடைசித் தங்கை, பதினாறு வயது, இந்த வேலையைத் தானே செய்தாள். இரண்டாவது பஞ்சர் பக்கச்சுவரில். அங்கே திரி நிற்காது, டயரையே மாற்ற வேண்டும். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதும், பகலிலும் விளக்கைப் போட்டே ஓட்டுவதும் இங்கே மரியாதை மட்டும் அல்ல, கண்ணாடியைக் காப்பாற்றும் வழியும்கூட. தூசி அடங்குவதற்காகத் தெளிக்கும் கால்சியம் குளோரைடு, மழை பெய்தால் சேறோடு கலந்து ரேடியேட்டரை மூடிவிடும். ஆற்றோரங்களில் நிறுத்தி வாளியால் கழுவினோம். 369ஆவது கிலோமீட்டரில் உள்ள ஈகிள் பிளெய்ன்ஸ் வரும் வரை எரிபொருள் கிடைக்காது என்பதால், தொடக்கத்திலேயே டாங்கியை நிரப்பாமல் யாரும் ஏறக்கூடாது. 405ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, அங்கே இறங்கி ஜெபித்தோம். கொசுக்கள் நீண்ட ஜெபத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

சாலையின் பெயருக்குரிய டெம்ப்ஸ்டர் என்பவர், 1911இல் காணாமற்போன காவல் ரோந்துக் குழுவைத் தேடிச் சென்ற காவலர். ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அதிகாரியின் தலைமையில் ஃபோர்ட் மெக்ஃபெர்சனிலிருந்து டாசனுக்குப் புறப்பட்ட நால்வரும் பனியில் வழி தவறி இறந்திருந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாகச் சிறிது தூரம் வந்த க்விச்சின் மனிதரை, இனி நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று பாதியிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஃபோர்ட் மெக்ஃபெர்சனில் ஆங்கிலிக்க ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அந்த நால்வரின் கல்லறைகள் உள்ளன. எங்கள் வாலிபர்கள் அங்கே வெகுநேரம் பேசாமல் நின்றார்கள்.

பீல் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை. கோடைகாலத்தில் கம்பிவடத்தில் இழுபடும் மிதவை, குளிர்காலத்தில் பனிப்பாதை. கட்டணம் வாங்குவதில்லை. ஊருக்குள் நாங்கள் சேர்ந்தபோது இரவு பதினொன்று. சூரியன் மரங்களுக்கு மேலே நின்றது.

மறுநாள் காலையில் அந்த அம்மா எங்களை மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். ஊரிலுள்ள சிறியவர்கள் அவரை ஜிஜூ என்று கூப்பிட்டார்கள். க்விச்சின் மொழியில் பாட்டி என்று பொருள். இரண்டாம் நாளிலிருந்து எங்கள் பிள்ளைகளும் அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள், அவரும் தடுக்கவில்லை. மண்டபம் 20 அடிக்கு 32 அடி. நீளவாக்கில் மூன்று உத்தரங்கள், ஒவ்வோர் உத்தரத்தையும் எட்டடிக்கு ஒன்றாக ஐந்து கட்டை அடுக்குகள் தாங்குகின்றன, மொத்தம் பதினைந்து. அஸ்திவாரம் என்று மண்ணுக்குள் எதுவும் கிடையாது. சரளைத் திட்டின் மேல் மரப்பலகை, அதன் மேல் கட்டைகள், அவற்றின் மேல் ஆப்பு, அதன் மேல் உத்தரம். இப்படிக் கட்டுவது ஏழ்மையால் அல்ல, அறிவால். இங்கே தரையின் மேல்பகுதி மட்டும் கோடையில் இளகி, குளிரில் மறுபடி உறைகிறது. அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் உறைந்த மண். அந்த மண்ணில் பனிக்கட்டி அடுக்கடுக்காக உண்டு. அது உறைந்திருக்கும் வரை கல்லைப் போலத் தாங்கும், உருகினால் கூழாகிவிடும். எனவே, வீட்டின் சூடு தரைக்குப் போகாதபடி இடைவெளி விட்டு, குளிர்காலக் காற்று அடியில் தாராளமாக ஓடும்படி கட்டடத்தைத் தூக்கிவைக்கிறார்கள்.

ஆனால் இந்த மண்டபத்தின் அடியில் காற்று ஓடவில்லை. நான்கு பக்கமும் பிளைவுட் பலகையால் இடைவெளியின்றி அடைத்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வந்த வேறோர் ஊழியக் குழு, தரை சில்லென்று இருக்கிறது என்று இரக்கப்பட்டு, ஒரு வாரம் உழைத்து அந்த அடைப்பை அழகாகச் செய்து, வண்ணமும் பூசிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆணி அடித்த நேர்த்தியைப் பார்த்தாலே அவர்கள் அக்கறையோடு செய்தார்கள் என்பது தெரிந்தது. அந்த அடைப்பு மண்டபத்தின் வெப்பத்தை அடியில் தேக்கியது. குளிர்காலத்துக் குளிரை உள்ளே விடவில்லை. அதோடு, கூரைத் தண்ணீர் தெற்குப் பக்கத்தில் கொட்டித் தேங்கியது. தேங்கும் நீர் உறைமண்ணுக்கு வெயிலைவிடக் கொடியது. தென்மேற்கு மூலையின் கீழே கையை வைத்தேன். மண் பிசைந்த மாவைப் போலக் குழைந்தது.

முதலில் ஜாக்கியை எடுக்கவில்லை, அடைப்பைத்தான் கழற்றினோம். எங்கள் குழுவில் ஒரு பெண் ஒவ்வொரு பலகையின் பின்பக்கத்தையும் பார்த்தாள். ஒன்றில் அந்தக் குழுவினர் பென்சிலால் ஒரு வேதவசனம் எழுதியிருந்தார்கள். அதை ஜிஜூ வாங்கித் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

ஊரின் கட்டடப் பராமரிப்பாளர், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், எங்கள் வேலைக்கு ஒரே ஒரு விதி சொன்னார்: தோண்டக்கூடாது. ஒரு சாண் பாசியை நீக்கினாலும் அந்த இடத்தில் உருகுதல் தொடங்கிவிடும். மேலே சேர்க்கலாம், கீழே எடுக்கக்கூடாது. நான் டொரோன்டோவில் செய்வதுபோல மூலையில் குழி எடுத்துக் கான்கிரீட் போடும் எண்ணம் எனக்குள் அரைகுறையாக இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

அளவெடுப்பது ஒரு நாள் முழுவதையும் வாங்கியது. மண்டபமே நகர்ந்துகொண்டிருப்பதால், அதன் எந்த மூலையையும் ஆதாரமாகக் கொள்ள முடியாது. பக்கத்துக் கட்டடம் ஆழமாக அடித்த எஃகுத் தூண்களில் நிற்கிறது. அதில் ஒரு தூணில் கோடு போட்டு அதையே ஆதாரப்புள்ளியாக்கினோம். குழாயில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாதபடி விரலால் தட்டி வெளியேற்றினோம். காலையில் எடுத்த அளவும் பிற்பகலில் எடுத்த அளவும் 3 மி.மீ. வேறுபட்டன. குழாய் ஒழுகவில்லை, கோடும் மாறவில்லை. பிறகுதான் புரிந்தது: குழாயின் ஒரு செங்குத்து முனை வெயிலில் இருந்தது, மறுமுனை கட்டடத்தின் நிழலில் இருந்தது. சூடான தண்ணீர் இலேசானது. 10 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையே அதன் அடர்த்தி ஏறக்குறைய 0.4 விழுக்காடு குறைகிறது. ஒரு மீட்டர் உயரத் தண்ணீரில் அது 4 மி.மீ. பிழை. சூரியன் மறையாத ஊரில் இதற்கு இரவைக் காத்திருக்கவும் முடியாது. ஒவ்வோர் அளவுக்கும் முன்பு குழாய்த் தண்ணீரை இரு பக்கமும் ஓடவிட்டுக் கலந்து, முனைகளைத் தார்ப்பாய் நிழலில் வைத்துப் படித்தோம். என் தகப்பனார் விடியற்காலையில் மட்டம் பார்ப்பதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் காரணம் சொன்னதில்லை.

இந்த வேலையில்தான் ஊர்ப்பிள்ளைகள் வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. சிவப்புத் தண்ணீர் தானாக ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்பதைப் பார்க்க முதலில் இரண்டு பேர், பிறகு ஏழு பேர், அவர்களோடு அக்காமார், பாட்டிமார். குழாயின் மறுமுனையை ஒரு சிறுவன் பிடித்து, எண்ணை உரக்கச் சொன்னான். தாள் இப்படி அமைந்தது: வடக்கு வரிசையில் 1 முதல் 5 வரை ஒன்றுக்கொன்று 6 மி.மீ.க்குள், நடு வரிசையில் 9ஆம் அடுக்கு 22 தாழ்வு, 10ஆம் அடுக்கு 38, தெற்கு வரிசையில் 13ஆம் அடுக்கு 24, 14ஆம் அடுக்கு 52, மூலையான 15ஆம் அடுக்கு 71 மி.மீ. தாழ்வு.

பிள்ளைகள் இருந்ததால், கன்மலையின் மேல் வீடு கட்டியவனையும் மணலின் மேல் கட்டியவனையும் பற்றி மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் வருவதை எங்கள் வாலிபர் ஒருவர் சொல்லத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த ஜிஜூ, இங்கே எங்களுக்குக் கன்மலை அந்தப் பனிதான், அதை வெயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்தியுள்ளவன் வேலை என்று பிள்ளைகளிடம் கட்டையைத் தட்டிக் காட்டினார். அன்றைய வேதபாடத்தை அவரே முடித்துவைத்தார். மறுநாளும் அவரே நடத்தினார். நாங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டோம்.

தூக்கும் வேலை இரண்டு நாள் நடந்தது. ஜாக்கியை நேராகச் சரளையில் வைத்தால் கட்டடம் ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். இரண்டடி சதுரப் பிளைவுட், அதன் மேல் குறுக்காக இரண்டு ஆறங்குலக் கட்டை, அதன் மேல் ஜாக்கி, ஜாக்கியின் தலைக்கும் உத்தரத்துக்கும் இடையே ஓர் எஃகுத் தகடு. ஒரு சுற்றுக்கு மூலையில் 5 மி.மீ.க்கு மேல் தூக்கவில்லை. மற்ற அடுக்குகளுக்கு அவற்றின் தாழ்வுக்கு ஏற்ற விகிதம். 71 தேவைப்படும் இடத்தில் 5 என்றால், 24 தேவைப்படும் இடத்தில் 2க்கும் குறைவு. ஒரு மூலையை மட்டும் ஒரேயடியாகத் தூக்கினால் சுவர் பிளக்கும், ஜன்னல் உடையும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அரைமணி நேரம் மரம் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள விட்டோம். தூக்கிய அளவுக்கு உடனே இடைவெளியை நிரப்பும் மரச்சக்கை வைத்து இறுக்காமல் யாரும் கையைக்கூட உள்ளே நீட்டக்கூடாது என்பது கட்டளை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவது கட்டையின் வேலை. அடியில் இரண்டு பேர், வெளியே அவர்களைப் பெயர் சொல்லிக் கணக்கெடுக்க ஒருவர், உள்ளே சுவரையும் கதவையும் பார்க்க ஒருவர்.

இங்கே ஒரு தவறு நடந்தது. அது என் தவறு. மண்டபத்தின் எண்ணெய் அடுப்புக்கு டீசல் வெளியே தனிக்காலில் நிற்கும் தொட்டியிலிருந்து செம்புக்குழாய் வழியே வருகிறது. கட்டடத்தைத் தூக்கினால் தொட்டி கூடவே எழும்பாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் புகைபோக்கியைச் சரிபார்த்த நான், இந்தக் குழாயைக் கவனிக்கவில்லை. நான்காவது சுற்றில் உள்ளே நின்ற பெண், அடுப்புப் பக்கம் கம்பி முறுக்குவதுபோல் ஒரு சத்தம் வருகிறது என்று கூவினாள். இறங்கிப் பார்த்தால் குழாய் இணைப்பில் நெளிந்து, டீசல் சொட்டத் தொடங்கியிருந்தது. தொட்டியின் வால்வை மூடி, அடியில் தட்டும் உறிஞ்சுதுணியும் வைத்து, பராமரிப்பாளரை அழைத்தோம். ஏறக்குறைய ஒரு கோப்பை எண்ணெய் தரையில் படுவதற்கு முன் பிடிபட்டது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அத்தகைய இணைப்புகளைச் செய்ய உரிமம் பெற்றவர் அவர்; நெளிந்த பகுதியை வெட்டி, புதுக் குழாயை ஒரு வளையமாகச் சுற்றிப் பொருத்தினார். இனிக் கட்டடம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் அந்த வளையம் விட்டுக்கொடுக்கும். தூக்குவதற்கு முன் எண்ணெய்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, படிக்கட்டு என்று கட்டடத்தையும் வெளியையும் பிணைக்கும் ஒவ்வொன்றையும் விரல் வைத்து எண்ணிக் கழற்ற வேண்டும்.

பன்னிரண்டாவது சுற்றில் மூலை 60 மி.மீ. எழுந்திருந்தது. இன்னும் 11 மி.மீ. பாக்கி. ஆனால் தெற்குச் சுவரின் உட்பலகை மூட்டில் புதிதாக ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தது. பல ஆண்டுகள் சாய்வில் நின்ற மரம் அந்தச் சாய்வையே தன் வடிவமாகக் கொண்டுவிடுகிறது, கடைசி அங்குலத்தை அதனிடம் பலவந்தமாகக் கேட்கக்கூடாது. நிறுத்தினோம். அழுகிய இரண்டு கட்டைகளை மாற்றி, எதிரெதிர் திசையிலிருந்து இணை ஆப்புகளை அடித்து இறுக்கினோம். பின்னாளில் ஒருவர் சுத்தியல் ஒன்றை மட்டும் கொண்டு சரிசெய்யும்படி ஆப்பின் முனைகளை வெளியே நீட்டி விட்டோம்.

கதவு இன்னும் மேலே ஓரமாக உரசியது. கீல்களைக் கழற்றி, மேற்கீலின் அடியில் ஓர் அட்டைத் துண்டளவு சக்கை வைத்து, பூட்டுப் பக்கத்தை இழைப்புளியால் இரண்டு முறை ஓட்டியதும் சரியாகப் பொருந்தியது. ஜிஜூ அதை மூடிப் பார்த்தார், திறந்தார், மறுபடி மூடினார். மாசி சோ என்றார். அவர்கள் மொழியில் நன்றி.

தெற்குக் கூரையோரம் தண்ணீர்த் தாரையைப் பொருத்தி, அதன் குழாயைச் சரிவான பக்கத்துக்குப் பன்னிரண்டடி நீட்டினோம். தண்ணீர் தேங்கிய பள்ளத்தைத் தோண்டாமல், ஆற்றுச் சரளையைக் கொட்டி மேடாக்கினோம். அதற்கு ஊர் இளைஞர்கள் தங்கள் வண்டியில் எட்டு நடை அடித்தார்கள். தரை சில்லிடுவதற்கு உண்மையான மருந்து தரைப்பலகையின் கீழே, உத்தரங்களுக்கு இடையில் கம்பளிப்பஞ்சு போன்ற காப்புப்பொருள் வைத்து அடைப்பதுதான். எங்களிடம் இருந்தது மண்டபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே போதுமானதாக இருந்ததால், பெரியவர்கள் உட்காரும் அடுப்புப் பக்கத்தை மட்டும் முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அந்த மண்டபத்திலேயே நடந்தது. முதியவர்கள் பழைய பாட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துத் தங்கள் மொழியில் பாடினார்கள். அந்த மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர் ராபர்ட் மெக்டொனால்டு. முதற்குடித் தாய்வழி வந்த அவர், சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கத்தின் மிஷனரி, க்விச்சின் பெண்ணான ஜூலியாவை மணந்து, அவருடைய உதவியோடும் ஊராரின் உதவியோடும் பல ஆண்டுகள் உழைத்தார், முழு வேதாகமம் 1898இல் அச்சாயிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, எங்கள் தமிழ் வேதாகமத்தின் திருத்தத்துக்கு உழைத்த ரேனியஸ் ஐயரை அனுப்பியதும் அதே சங்கம்தான். இதை ஜிஜூவிடம் சொன்னபோது, அப்படியானால் உங்கள் பாட்டு ஒன்றைப் பாடுங்கள் என்றார். பாளையங்கோட்டையில் என் பாட்டி பாடும் கீர்த்தனை ஒன்றை நாங்கள் பாடினோம். பள்ளியில் தம் மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பதை ஆராதனைக்குப் பிறகு அவரே எங்கள் வாலிபர்களிடம் சொன்னார். அவர் பேசிய ஒரு மணி நேரமும் யாரும் எழுந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் மலைகளில் மழை பெய்து பீல் ஆறு பெருகியதால், மிதவை ஓடாமல் ஒன்றரை நாள் கரையில் காத்திருந்தோம். விமானத்தைத் தவறவிட்டோம்.

டியூப் மட்டத்தையும் அளவுத்தாளையும் ஊரிலேயே விட்டு வந்திருந்தோம். குளிர்காலத்தில் மண்டபத்தின் ஓரங்களில் பனி குவிந்து அடிக்காற்றை மறைக்காதபடி, அதை மண்வாரியால் ஒதுக்கிவிடும் பொறுப்பைப் பராமரிப்பாளர் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார். இந்த ஜூன் மாதத்தில், குழாய் முனையைப் பிடித்திருந்த அதே சிறுவன் தொலைபேசியில் எண்களை வாசித்தான்: 13ஆம் அடுக்கில் மாற்றம் இல்லை, 14ஆம் அடுக்கு 2 மி.மீ. இறக்கம், 15ஆம் அடுக்கு 5 மி.மீ. இறக்கம். தண்ணீரைக் கலந்துவிட்டு, நிழலில் வைத்துத்தான் படித்தாயா என்று கேட்டேன். இரண்டு முறை, என்றான். மூலையில் உள்ள ஆப்புகளை இருபுறமும் சம அளவில் அடித்து, ஒவ்வொரு அடிக்கும் பிறகு அளவு பார்க்கும்படி சொன்னேன். பராமரிப்பாளர் மாமா காலையிலேயே அடித்துவிட்டார், இப்போது 1 மி.மீ. தான் பாக்கி, என்றான்.